ஐஎஸ்ஓ எண்ணும் படத்தில் தெரியும் புள்ளிகளும்

ஃபிலிம் காலத்தில் ஒளியுணர்திறனை அமெரிக்காவில் ஏஎஸ்ஏ, ஜெர்மனியில் டின் என்று வெவ்வேறு விதமாக அளந்தார்கள். 1974 முதல் இரண்டும் படிப்படியாக ஐஎஸ்ஓ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. எண் கூடிய ஃபிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் பெரியவை. அதனால் குறைந்த வெளிச்சமே போதும்; ஆனால் படம் சொரசொரப்பாக இருக்கும்.

1998-ல் டிஜிட்டல் கேமராவுக்கும் ஐஎஸ்ஓ 12232 என்ற தரநிலை வந்தது. பெயர் அதே, வேலை வேறு. எண்ணைக் கூட்டினால் சென்சார் அதிக ஒளியைப் பிடிப்பதில்லை. பிடித்ததைத்தான் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. ஒளி குறைவு என்றால் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகும்.

நம் குடியிருப்பு விழாவில் பாட்டிகள், குழந்தைகள் முகம் படத்தில் தெளிவாக நிற்க வேண்டுமா? எண்ணை ஏற்றும் முன் மேடையில் இன்னொரு விளக்கைப் போடுங்கள். புள்ளிகளில் கரைந்த முகத்தைப் பிறகு மீட்பது கடினம்.