'நூறு சதவீத சோலார்' ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் எப்படி ஓடுது?

"எங்கள் ஆலை முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது." இப்படி ஒரு வரியை ஏதாவது நிறுவனத்தின் அறிக்கையில் படித்திருப்பீர்கள். அதே ஆலையில் ராத்திரி 2 மணிக்கும் மெஷின் ஓடும். அப்போ பொய் சொல்றாங்களா? பெரும்பாலும் இல்லை. கணக்கு போடும் விதம் வேற, அவ்வளவுதான்.

மின்சாரத்தை அதிகம் விழுங்கும் ஆலைக்கு கூரை பேனல் மட்டும் போதாது. எங்கோ தொலைவில் உள்ள சோலார், காற்றாலை நிலையங்களில் இருந்து பொது மின்கம்பிகள் வழியாக வாங்குகிறார்கள். இதுதான் 'ஓப்பன் ஆக்சஸ்'. பகலில் மிஞ்சும் யூனிட்டை கிரிட்டில் வரவு வைத்து பிறகு எடுத்துக்கொள்வது 'பேங்கிங்'. ஆனால் இரவில் நிஜமாகவே மெஷினுக்கு வருவது அந்த நேரத்து கிரிட் மின்சாரம்; அதில் பெரும்பங்கு நிலக்கரி. வரவும் செலவும் சமமானால், காகிதத்தில் 100%.

டிஜிட்டல் எங்கே வருது?

இந்திய கிரிட்டின் கணக்கு 15 நிமிடத் துண்டுகளாக நடக்கிறது. ஒரு நாளைக்கு 96 துண்டுகள். மாதம் ஒருமுறை பில் பார்க்கும் ஆலைக்கு இதில் எதுவும் தெரியாது. மெஷின்வாரியாக மீட்டர் வைத்து, தரவை ஒரே திரையில் பார்க்கும் ஆலையால் சில்லர், தண்ணீர் பம்பு போன்றவற்றின் வேலையைப் பகலுக்குத் தள்ள முடியும். உருக்கு உலையை அப்படி நினைத்த நேரத்துக்கு நகர்த்த முடியாது.

பணக் கணக்கும் இருக்கு. 2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, தொழில், வணிக நுகர்வோருக்கு சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20% குறைவாகவும், பீக் நேரக் கட்டணம் குறைந்தது 20% அதிகமாகவும் இருக்க வேண்டும். வழக்கமான விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் பகலில் 5.60, பீக்கில் 8.40. இதில் ஒரு ட்விஸ்ட்: சொந்த சோலார் மிச்சப்படுத்துவது 7 ரூபாயை அல்ல, 5.60-ஐத்தான். மாலையிலும் வீசும் காற்றுக்கும் பேட்டரிக்கும் மவுசு கூடுவது இதனால்தான்.

26-51 சிக்கல்

பல ஆலைகள் சேர்ந்து ஒரு மின்நிலையத்தில் பங்கு வாங்குவது 'குரூப் கேப்டிவ்'. 2005 மின்சார விதிகள்படி, அவர்கள் கையில் குறைந்தது 26% உரிமை இருக்கணும்; ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்தணும், அதுவும் அவரவர் பங்கின் விகிதத்தில். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 51-க்குக் கீழே போனால் அந்த ஆண்டின் மொத்த மின்சாரமும் கேப்டிவ் தகுதியை இழக்கும். குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் தலையில் விழும். ஒரு பெரிய பங்குதாரருக்கு ஆர்டர் படுத்தால், ஒழுங்காக ஓடிய மற்ற ஆலைகளும் சேர்ந்து மாட்டும். மார்ச் பில் வந்தபிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. டிசம்பரிலேயே தெரிந்தால் உற்பத்தியையோ பங்கையோ மாற்றி அமைக்க நேரம் இருக்கும்.

ஐரோப்பிய கார்பன் வரிக்கு இது உதவுமா?

ஓரளவுதான். 2026 ஜனவரியில் முழுமையாக அமலுக்கு வந்த அந்த ஏற்பாட்டில், இரும்பு, அலுமினியத்துக்கு ஆலையில் நேரடியாக வெளியாகும் கார்பன்தான் இப்போதைக்கு கணக்கு. வெளியே இருந்து வாங்கும் மின்சாரம் அதில் சேராது. சிமென்ட், உரத்துக்கு சேரும். அதனால் "சோலார் போட்டாச்சு, ஐரோப்பா கவலை இல்லை" என்று ஒரு அலுமினிய நிறுவனம் சொன்னால், நேரடி உமிழ்வு எவ்வளவு என்று கேளுங்க.