விண்டோஸ் 98 இலிருந்து விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேம்படுத்தல்

விண்டோஸ் 98 இலிருந்து விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேம்படுத்தல் என்பது, பழைய இயங்குதளம் உள்ள கணினியில் பயனரின் கோப்புகளையும் நிரல்களையும் அழிக்காமல், அதன் மேலேயே புதிய இயங்குதளத்தை நிறுவும் முறையாகும். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. விண்டோஸ் 98, 98 இரண்டாம் பதிப்பு, மில்லேனியம் ஆகியவற்றிலிருந்து இவ்வாறு மாற இயன்றது. விண்டோஸ் 95 இலிருந்து இயலவில்லை.

கருனி மாற்றம்

பெயரில் ஒற்றுமை இருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறு மரபைச் சேர்ந்தவை. விண்டோஸ் 98 எம்எஸ்-டாஸை அடித்தளமாகக் கொண்டது. எக்ஸ்பியோ விண்டோஸ் என்டியின் கருனியைக் கொண்டது. எனவே இது வீட்டிற்கு வெள்ளையடிப்பதைப் போன்றதன்று; அடித்தளத்தையே மாற்றுவதாகும். வன்பொருளை நேரடியாகக் கையாளும் உரிமையை எக்ஸ்பி நிரல்களுக்கு வழங்குவதில்லை. இதனால் டாஸ் காலத்து விளையாட்டுகள் பல இயங்காமல் போயின. டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள்களுள் விண்டோஸ் 98 இன் பழைய வகையைச் சேர்ந்தவை எக்ஸ்பியில் முற்றிலும் பயனற்றவை. வருடி, அச்சுப்பொறி, மோடம் ஆகியவற்றுக்குப் புதிய இயக்கியைத் தயாரிப்பாளர் வெளியிடாவிடில், நல்ல நிலையிலுள்ள கருவியும் வீணாயிற்று.

விண்டோஸ் 98 இல் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை நீக்கிவிட்டே எவரும் உள்ளே நுழையலாம். எக்ஸ்பியில் அது இயலாது.

தேவைகள்

விண்டோஸ் 98 க்கு 16 மெகாபைட்டு நினைவகம் போதுமானது. எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 மெகாபைட்டு நினைவகமும், 233 மெகாஎர்ட்சு செயலியும், 1.5 கிகாபைட்டு வன்தட்டு இடமும் தேவை. 128 மெகாபைட்டு நினைவகம் பரிந்துரைக்கப்பட்டது. நடைமுறையில் அதுவும் குறைவே. பொருந்தாத வன்பொருள்களையும் நிரல்களையும் முன்கூட்டியே பட்டியலிடும் சோதனை வசதி எக்ஸ்பி குறுந்தட்டிலேயே இருந்தது.

பின்வாங்கும் வழி

மேம்படுத்திய பின் எக்ஸ்பியை நீக்கி விண்டோஸ் 98 க்கே திரும்பவும் வழி இருந்தது. ஆனால் வன்தட்டை ஃபாட்32 இலிருந்து என்டிஎஃப்எஸ் கோப்பு முறைக்கு மாற்றினால் அவ்வழி அடைபட்டுவிடும். என்டிஎஃப்எஸ் முறையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளையும் சேமிக்கலாம்; பயனர்வாரியாக அனுமதிகளும் அளிக்கலாம். ஆகவே எல்லாக் கருவிகளும் சரியாக இயங்குவதை உறுதி செய்த பின்னரே இம்மாற்றத்தைச் செய்வது நன்று. தேவையான கோப்புகளை முதலிலேயே குறுந்தட்டில் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது.

பாதுகாப்பிலும் ஒரு முரண் இருந்தது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு எக்ஸ்பியைத் தாக்கியது. பழைய விண்டோஸ் 98 ஐத் தாக்கவில்லை. திருத்தங்களை நிறுவாமலும் தீச்சுவரை இயக்காமலும் இணையத்தில் இணைந்த புதிய எக்ஸ்பி கணினிகள் இதற்கு எளிதில் இரையாயின. 2004 இல் வெளியான இரண்டாம் சேவைப் பொதியிலேயே தீச்சுவர் இயல்பாக இயங்கும்படி அமைக்கப்பட்டது. விண்டோஸ் 98 க்கான ஆதரவு 2006 ஜூலை 11 உடனும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடனும் முடிவுற்றன.

தமிழ் ஆதரவு

தமிழ்ப் பயனர் பலர் எக்ஸ்பிக்கு மாற ஒருங்குறியும் ஒரு காரணமாயிற்று. விண்டோஸ் 98 இல் ஒருங்குறித் தமிழை உலாவியில் ஓரளவு படிக்க முடிந்ததே தவிர, இயங்குதளம் முழுவதிலும் பயன்படுத்த முடியவில்லை. விண்டோஸ் 2000 இல் தொடங்கிய தமிழ் ஆதரவும் லதா எழுத்துருவும் எக்ஸ்பியிலும் இடம்பெற்றன. எனினும் நிறுவியவுடன் தமிழ் சரியாகத் தோன்றுவதில்லை. கட்டுப்பாட்டகத்தில் வட்டார, மொழித் தெரிவுகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவும் தெரிவைக் குறியிட வேண்டும். எக்ஸ்பி குறுந்தட்டும் அப்போது தேவைப்படலாம். இதைச் செய்யாவிடில் "கெ" என்பதிலுள்ள கொம்பு ககரத்திற்கு முன்னே வராமல் பின்னே நிற்கும்.

திஸ்கி முதலிய 8 பிட்டுக் குறியேற்றங்களில் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள் இம்மேம்படுத்தலால் தாமாக ஒருங்குறிக்கு மாறுவதில்லை. அவற்றைக் குறிமாற்றி மென்பொருள் கொண்டு தனியே மாற்ற வேண்டும். அதுவரை பழைய எழுத்துருக்களையும் கணினியில் வைத்திருத்தல் வேண்டும்.