தகடூர் யாத்திரையும் மின்வலைப் பிரதிகளும்

தருமபுரி என இன்று வழங்கும் நம் ஊரே பழைய தகடூர் ஆகும். அதியமான் நெடுமான் அஞ்சி அரசிருந்த அவ்வூரின்மீது சேரமன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்த வரலாற்றை உரையும் பாட்டும் விரவச் சொல்லிய நூல் ஒன்று இருந்தது. தகடூர் யாத்திரை என்பது அதன் பெயர். 'இருந்தது' என்றே எழுத வேண்டியுள்ளது. புறத்திரட்டிலும் உரையாசிரியர்தம் மேற்கோள்களிலும் எஞ்சிய சில பாடல்கள் தவிர அது நமக்குக் கிடைத்திலது. ஒரு நூல் அழியப் பகைவர் தீயிட வேண்டுவதில்லை. படியெடுப்பார் இல்லாமற் போனால் செல்லும் காலமும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அரபு நாட்டாரும் இவ்விழப்பை அறிவர். பக்தாதில் கிதாபுகளைப் படியெடுத்து விற்பதைத் தொழிலாகக் கொண்டோரை 'வர்ராக்' என்பர். அவர்களுள் ஒருவரான இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலை விரித்தால், பெயர் மட்டும் மிஞ்சிய நூல்கள் எத்தனையோ!

இந்த நோக்கோடு பார்க்கும்போதுதான், கணிப்பொறி வலை தமிழரிடையே புதிதாய்ப் பரவிய நாளில் எழுந்த ஓர் இயக்கத்தின் அருமை புலனாகிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்பார் 1971-இலேயே நூல்களைக் கணிப்பொறியில் தட்டெழுதி எவருக்கும் விலையின்றி வழங்கும் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1994-இல் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் கிளர்ந்த பழங்குடி மக்களின் அறிக்கைகள் கணிப்பொறி வலைவழி உலகெங்கும் பரவின. தமிழர் கையில் அவ்வலை வந்தபோது அவர்கள் அதில் முதன்மையாகத் தேடியது ஒருவரோடொருவர் தமிழில் எழுதும் வழியையே. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995-இல் 'தமிழ்.நெட்' என்னும் மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். அதிற் கூடிய அன்பர்களின் உரையாடலிலிருந்தே மதுரைத் திட்டம் பிறந்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அது முறையாகத் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராயிருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமை ஏற்றார். அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைநின்றார். ஊதியம் பெற்றார் ஒருவருமிலர்.

வேலை நடந்த விதம் வர்ராக்குகளின் பட்டறையையே நினைவூட்டும். ஒருவர் அச்சுநூலைப் பார்த்துத் தட்டெழுதுவார். வேறொரு நாட்டிலுள்ளவர் மெய்ப்புப் பார்ப்பார். திருத்திய படி வலையில் ஏறும். இடர் எழுத்திலே இருந்தது. கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் அந்நாளில் உடன்பாடில்லை. கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை எழுத்துருவில் எழுதியதை, அது இல்லாதவர் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் உள்ளிட்ட மென்பொருள்கள் தமிழ் எழுத வழிசெய்தன. ஆயினும் பொது முறை வேண்டியிருந்தது. அன்பர்கள் மின்னஞ்சலிலேயே வாதிட்டு, இருநூற்று ஐம்பத்தாறு இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் தமிழையும் அடக்கி, 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற 'டாம்', 'டாப்' முறைகளோ வேறு. பின்னர் யூனிகோடு வந்தபின்பே பிணக்கு தீர்ந்தது. சேர்த்துவைத்த நூல்களையெல்லாம் மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. படியெடுப்போர் பாடு எக்காலத்தும் இதுதான் போலும்.

திருக்குறளும் ஔவையாரின் ஆத்திசூடி முதலிய நீதிநூல்களும் தொடக்கத்திலேயே இத்தொகுப்பில் இடம்பெற்றன. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்பதை நம் மாணவர்க்கு இங்கே நினைவூட்டுவோம். ஆயினும் அப்பெயரைக் காணத் தகடூரார்க்கு மகிழ்ச்சியே. நம்மவர் மனங்குளிரும் செய்தி, உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் உண்டு என்பது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாய் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம் அது. 1842-இல் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியிராவிடில், தட்டெழுதுவோர்க்கு மூலம் ஏது?

குறையும் உண்டு. பாடவேறுபாடு காட்டும் ஆய்வுப் பதிப்பாக இவற்றைக் கொள்ளலாகாது. எழுத்துப் பிழைகளும் காணப்படும். அயல்நாட்டுத் தமிழர் தட்டெழுதிய நூலை நம் மாவட்டத்தார் படிக்க நெடுநாள் காத்திருந்தனர். 1995 ஆகஸ்டு 15-இல் பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் தொடங்கியபோது அது பெருநகரங்களுக்கே எட்டியது.

மற்றொன்று நம்மையே சார்ந்தது. திஸ்கி வகுத்தோர் கிரந்த எழுத்துகளுக்கும் இடம் ஒதுக்கினர். அரபுத்தமிழுக்கு அதில் இடமில்லை. தமிழொலிகளைக் குறிக்கப் புள்ளிகள் கூட்டி நம் முன்னோர் அமைத்த அரபெழுத்தில் அச்சான கிதாபுகள் பல, இன்றும் பழைய வீடுகளின் அலமாரிகளில் ஒற்றைப் பிரதியாய்க் கிடக்கின்றன. அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லோர் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியுள்ளனர்.