கழுத்துக்குள் ஓடும் குழாய்கள்: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள், சர்க்கரை குறைத்து.

நம் குடும்பத்தில் 42 வயதுப் பிள்ளை ஒருவனுக்கு ஸ்கேனில் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடித்திருக்கிறது என்று வந்திருக்கிறது. "தாத்தாவுக்கு வாதம், அப்பாவுக்கும் வாதம், நம்ம வம்சமே இப்படித்தான், மாத்திரை எதுக்கு?" என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிட்டானாம். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். வம்சம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குரல்வளைக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கிரேக்க மொழியில் 'காரோஸ்' என்றால் மயக்க உறக்கம்; இதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று பழைய கிரேக்கர்கள் நினைத்ததால் அந்தப் பெயர். தாடைக்குக் கீழே இந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. வாய்க்கால் பிரியும் இடத்தில் வண்டல் படிவதுபோல, கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அந்தக் கவட்டில்தான்.

ஆனால் பக்கவாதத்துக்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம் என்பது வெகுகாலம் பலருக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் வாதம் அடித்தவருக்குப் புறா ரத்தம் தேய்த்தார்கள். மேல்நாட்டு டாக்டர்கள் மூளையிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் மில்லர் ஃபிஷர் என்ற டாக்டர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி, ஜெர்மானியரிடம் மூன்று வருஷத்துக்கும் மேல் கைதியாக இருந்து திரும்பியவர். பக்கவாதம் வந்த ஒரு நோயாளி அவரிடம், வாதம் வருவதற்கு முன்னால் ஒரு கண் கொஞ்ச நேரம் இருண்டு இருண்டு சரியானது என்றார். ஆனால் விழுந்த கையும் காலும் ஒரு பக்கம், இருண்ட கண் மறுபக்கம். நோயாளி உளறுகிறார் என்று விட்டுவிடாமல் ஃபிஷர் யோசித்தார். இடது கழுத்துக் குழாய் இடது கண்ணுக்கும் இடது மூளைக்கும் ரத்தம் தருகிறது. இடது மூளை ஆட்டிவைப்பதோ வலது கையை. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான இடம் கழுத்து! பிணப் பரிசோதனையில் வழக்கமாகத் திறக்காத கழுத்தைத் திறந்து பார்த்தார், குழாய் அடைத்திருந்தது. 1951-ல் அதை எழுதி வெளியிட்டார். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டதில் கிடைத்த கண்டுபிடிப்பு என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

1954-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், இப்படிச் சின்னச் சின்ன வாதம் 30 தடவைக்கு மேல் வந்துபோன ஒரு அம்மாளுக்கு, உடம்பைப் பனிக்கட்டியால் குளிர்வித்து, அடைத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

சரி, நமக்கு ஏன் அதிகம்? சிங்கப்பூரில் டாக்டர் தனராஜும் அவர் குழுவினரும் 1950 முதல் 1954 வரை நடந்த 9,000-க்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதயக்குழாய் நோய் பல மடங்கு. அங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தானே. 1967-ல் மல்ஹோத்ரா என்ற டாக்டர் நம் ரயில்வே ஊழியர்களின் கணக்கை வெளியிட்டார்: மாரடைப்பில் இறப்பது வடக்கைவிடத் தெற்கில் ஏழு மடங்கு. நெய்யும் பாலும் அதிகம் சாப்பிட்டவர்கள் வடக்கத்தியர்கள்! (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் உடனே பால்கோவா டப்பாவைத் திறக்க வேண்டாம்.) பால் கொழுப்பு காப்பாற்றியது என்று அவர் கருதினார். எனக்கு அது போதவில்லை. 1991-ல் லண்டனில் மெக்கீக் என்பவர், அங்கே குடியேறிய தெற்காசியர்களை அளந்து பார்த்தார். ஆள் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால். ரத்தத்தில் இன்சுலின் அதிகம், ஆனால் அது வேலை செய்யவில்லை. சர்க்கரை சீக்கிரம் வருகிறது. நம் தெருவில் பாதிப்பேரின் படத்தை வரைந்ததுபோல் இருக்கிறது.

கழுத்துக் குழாயை நம் ஊரிலேயே அளந்ததும் உண்டு. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களின் குழாய்ச் சுவர் சராசரி 0.95 மில்லிமீட்டர், இல்லாதவர்களுக்கு 0.74. அதே வருஷம் கனடாவில் இன்னொரு கணக்கு வந்தது. அங்கே வெள்ளையர்களின் சுவர்தான் நம்மவர்களுடையதைவிடச் சற்றுத் தடிப்பு. ஆனால் நோய் நம்மவர்களுக்குத்தான் அதிகம். "என் சுவர் கொஞ்சம்தான் தடிச்சிருக்கு" என்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

இப்போது வம்சத்துக்கு வருகிறேன். வம்சம் பொய்யில்லை. 1938-ல் நார்வேயில் கார்ல் முல்லர் என்ற டாக்டர், சில குடும்பங்களில் பிறப்பிலிருந்தே கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்து, தலைமுறை தலைமுறையாக இதயநோய் வருவதை எழுதினார். அமெரிக்காவில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் அதன் காரணத்தைக் கண்டார்கள்: ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'கொக்கி' அவர்களுடைய ஈரலில் குறைவு. 1985-ல் நோபல் பரிசு. இதற்கிடையே ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவின் ஒரு கடையில் கிடைத்த அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்தார். ஈரல் கொழுப்பு செய்வதை அது தடுக்கிறது. உடனே ஈரல் அந்தக் கொக்கிகளைக் கூடுதலாக முளைக்கவிடுகிறது. ஸ்டேட்டின் மாத்திரைகளின் பூர்வீகம் அதுதான். தம்பி, நீ நிறுத்தியிருப்பது அந்த மாத்திரை. வம்சத்திலேயே கொழுப்பு ஓடும் குடும்பங்களைப் படித்ததால்தான் அது எப்படி வேலை செய்கிறது என்பதே விளங்கியது.

இன்னொன்று, சொந்தத்தில் பெண் எடுக்கும் பேச்சு வீட்டில் நடப்பதால் சொல்கிறேன். தாய்மாமன், அத்தை மகன் வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கொழுப்புக் குறை தாய்க்கும் தகப்பனுக்கும் ஒவ்வொரு பங்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பங்கும் சேர்ந்து வர. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். அம்பது வயதுக்குள் மாரடைப்போ வாதமோ வந்த வீடு என்றால், ஜாதகத்தோடு இரண்டு பேரின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். காலையில் ஒரு ஊசி ரத்தம், அவ்வளவுதான், ராஜபாளையத்திலேயே எடுக்கிறார்கள்.