சாரலும் உப்பும்

குற்றாலத்து அருவியின் மகிமையைப் பேசுவோர் அனைவரும் மலைமேலுள்ள மூலிகைகளையே அதற்குக் காரணமாகக் கூறி வந்திருக்கிறார்கள். அதை நான் மறுக்கப் புகவில்லை. ஆயினும் திரிகூட மலையில் பெய்யும் சாரல், எளிதில் கரையாத கடும்பாறைகளின் மீது விரைந்தோடி, மண்ணில் ஊறித் தங்க அவகாசமின்றிக் கீழே விழுவதனால், சமவெளிக் கிணறுகளில் நாம் காணும் உப்புக்கள் அந்நீரில் சொற்பமாகவே சேர்கின்றன என்பதும் கருதத்தக்கது. முன்பு எண்ணெய் தேய்த்து நீராடியவர் இட்ட சவுக்காரம் அங்கே தாராளமாக நுரைத்ததற்கு இதுவே ஹேது.

உப்புக் குறைந்த இந்த அருவியின் அடிவாரத்துக்கு, உப்பு கீழ்க்கடலிலிருந்து வண்டியேறி வரவேண்டியிருந்தது. கடற்கரையில் விளைந்ததை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்ற உமணரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்தப் பழைய வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1805-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தமது ஏகபோகமாக்கிக்கொண்டனர். ஏறக்குறைய அதே காலத்தில்தான் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுத் தோட்டம் வளர்த்தார்கள் என்பதையும் நினைத்தால், மலையின் வாசனையும் கடலின் கரிப்பும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறிய விந்தை விளங்கும். பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை நன்றாக வடிக்காமல் வாரிய உப்பு, அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதனால், ஆனி ஆடிச் சாரலில் பானையிலேயே கசிந்து நீர்த்துவிடும். தென்காசி வீட்டுப் பெண்களுக்கு இதை எந்தப் பண்டிதரும் போதிக்க வேண்டியதில்லை.

கரைந்த உப்பு நீருக்குள் என்ன ஆகிறது என்பதுதான் பண்டிதர்களையே திகைக்க வைத்தது. சர்க்கரைக் கரைசலில் மின்சாரம் ஓடுவதில்லை; உப்புக் கரைசலில் ஓடுகிறது. நீரின் உறைநிலையையும் உப்பு, தன் அளவுக்கு உரியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு தாழ்த்துகிறது. கரைந்த மாத்திரத்திலேயே உப்பு, மின்னேற்றம் கொண்ட இருவகை அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ் விடை கூறினார். 1884-இல் உப்சாலா சர்வகலாசாலையில் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சியுரைக்கு ஆசிரியர்கள் தாழ்ந்த தகுதியே அளித்தார்கள்; 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவரோ, ஒரு பகுதியே பிரிகிறது என்று எண்ணினார். கறியுப்பைப் போன்ற வலிய மின்பகுளிகள் முழுவதும் பிரிந்தே நிற்கின்றன, எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதே அவற்றின் ஓட்டத்தைத் தடை செய்கிறது என்று 1918-இல் எழுதியவர் நம்மவர், கல்கத்தாவின் ஞான சந்திர கோஷ். கோஷின் கணிதம் பிழையுடையதாகி, 1923-இல் டிபையும் ஹூக்கலும் வகுத்த முறையே நிலைபெற்றது. என்றாலும் முழுப் பிரிவு என்ற அடிப்படை அவர் சொன்னபடியேதான் இருக்கிறது. பாடப்புத்தகம் எழுதுவோர் அவர் பெயரை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.