மிதித்த இடத்தில் எழுந்த ஆலயம்

இறைவனின் இரக்கத்தை மிகுதியாகப் போதித்தால் மக்கள் பாவத்துக்கு அஞ்சமாட்டார்கள் எனக் கருதுவோர் உண்டு. ஜப்பானியத் திருச்சபையின் வரலாறோ வேறொன்றைக் கற்பிக்கிறது.

முத்துக்குளித்துறையில் மறைப்பணி ஆற்றிய புனித சவேரியார் 1549-ஆம் ஆண்டு ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் விதைத்த விசுவாசம் விரைந்து வளர்ந்தது. ஆயினும் 1614-இல் கிறிஸ்தவ மறை நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் திருப்பலி இல்லை; பாவசங்கீர்த்தனம் கேட்பாரும் இல்லை. நாகசாகிப் பகுதி மக்கள் ஆண்டுதோறும் அதிகாரிகளின் முன்னிலையில் ஆண்டவரின் அல்லது அன்னையின் திருவுருவை மிதித்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என எண்பிக்க வேண்டியிருந்தது. மறுத்து மாண்டவர் உண்டு. மனம் நொந்து மிதித்தவர் மிகப்பலர்.

மிதித்தவர்களுக்கு மீட்பு ஏது? 1603-இல் உத்தம மனத்துயரைப் பற்றி எழுந்த சிறு நூலொன்று கைப்பிரதிகளாக அவர்களிடையே வழங்கி வந்தது. தண்டனைக்கு அஞ்சி அன்று, அன்பே உருவான இறைவனை நோகச் செய்தோமே என வருந்தி, வாய்ப்புக் கிட்டும்போது பாவசங்கீர்த்தனம் செய்ய விழைவோரை அவர் அப்பொழுதே மன்னிக்கிறார் என்பது 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் உரைத்த போதனை. இதனையே அந்நூல் எளிய மக்களுக்கு விளக்கிற்று. மிதித்து வீடு திரும்பியோர் மனத்துயர் செபம் சொல்லி மன்னிப்பு வேண்டினர்; அதனைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர்.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாய் எழுந்த ஓரா ஆலயத்துக்கு உராகாமி ஊரார் சிலர் வந்தனர். அங்கிருந்த பெத்திழான் அடிகளாரிடம் ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என மெல்லக் கூறி, மாதாவின் சுரூபம் எங்கே என வினவினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அம்மக்கள் ஒரு குருவைக் கண்டனர்.

தடையோ இன்னும் நீங்கவில்லை. விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்ட உராகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் தளர்ந்தனர்; பெரும்பாலோர் நிலைத்து நின்றனர். மிதித்த தலைமுறைகளின் வழிவந்தவர்களுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? வீழ்ந்த ஒவ்வொரு முறையும் இறைவனிடமே திரும்பிச் சென்ற பழக்கத்திலிருந்து அன்றோ!

1873-இல் தடை தளர, எஞ்சியோர் ஊர் திரும்பினர். எந்த ஊர்த் தலைவரின் வீட்டில் திருவுருவை மிதித்தனரோ, அந்நிலத்தையே வாங்கி அங்கே ஆலயம் எழுப்பினர்.

அன்பர்களே, குருவானவர் அருகில் இருந்தும், வெட்கத்தால் பாவசங்கீர்த்தனத் தொட்டியை ஆண்டுக்கணக்கில் அணுகாதோர் நம் பங்குகளிலும் உள்ளனர். அவர்கள் உராகாமி மக்களை நினைத்துத் துணிவு கொள்வார்களாக.