பெருங்கௌசிகனார்

சங்கப் புலவர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூரைச் சேர்ந்தவர். பத்துப்பாட்டின் இறுதி நூலான, 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் இவர் இயற்றியது. பாட்டுடைத் தலைவன் நன்னன், கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் பகுதியை ஆண்டவன்.

இவர் இசையமைத்தாரா என்பதற்குச் சான்றில்லை. ஆனால் காது இசைவாணருடையது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், எல்லரி, பதலை எனக் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளோடு நூல் தொடங்குகிறது. பேரியாழின் உறுப்புகளையும் விடவில்லை. பின்னர் அருவி, தினை குற்றும் மகளிர் பாட்டு, கரும்பாலை என மலையின் ஓசைகள் நீள்கின்றன. புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் பின்னே ஒதுங்குங்கள் என்று வழிப்போக்கரை எச்சரிக்கவும் செய்கிறார். மலைவழிச் செலவை இத்தனை நுணுக்கமாகச் சொன்ன சங்கநூல் வேறில்லை எனலாம். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இது அச்சேறியது.